நிழற்படக் கலையும் நட்பும்

நிழற்படக் கலை தனித்திருந்து பயிலத்தக்கதொரு கலை என்று பலர் கருதுவர். இசைக்குச் சுருதி கூட்டவும் தாளம் காட்டவும் துணைவர் வேண்டும். நாடகத்திற்கோ ஒரு குழுவே வேண்டும். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுபவனுக்கு எவர் துணை வேண்டும் என்பது அவர்கள் வினா. நாம் கண்ட உண்மை இதற்கு மாறானது. படம் பிடித்தவன் தன் படத்தைத் தானே காணமாட்டான். அதனைப் பிடிப்பதற்காக ஏறிய மலையும், நனைந்த மழையும், காத்திருந்த பொழுதும் அவன் நெஞ்சில் நிற்றலால், கடதாசியில் விழாதவற்றையும் விழுந்தனவாகவே காண்பான். அவனுக்கு இன்னொருவர் கண் வேண்டும். அக்கண் கூரியதாயும் அன்புடையதாயும் இருத்தல் வேண்டும். கூர்மை மட்டும் உடைய கண் தொடக்கக்காரனைக் கமராவை விற்றுவிடச் செய்யும். அன்பு மட்டும் உடைய கண் அவனை என்றும் தொடக்கக்காரனாகவே வைத்திருக்கும்.

எமது கல்லூரி விடுதியில் ஒன்றாக உண்டு உறங்கி, பின்னர் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்குத் திரும்பிய பழைய மாணவர் ஐவர், இக்கலையை ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட வரலாற்றை எழுதுமாறு மலராசிரியர் பணித்தார். எம் ஐவர் கதை சிறியது. ஆதலின் இக்கலையில் நட்பு ஆற்றிய பணியை முதலிற் சிறிது கூறி, அதன்பின் தோட்டங்களுக்கு வருவோம்.

பொகவந்தலாவையில் ஒரு சிறிய ஆங்கிலத் தேவாலயத்தின் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், உலகின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவராக இன்று எண்ணப்படுபவர். அவர் கமராவைக் கையிலெடுத்தது நாற்பத்தெட்டாம் வயதில். 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அதனைப் பரிசாக அளித்தனர். ஆயினும் வித்து விழுந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே. வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல் நன்னம்பிக்கை முனையில் அவருக்கு நண்பரானவர். 1842இல், கல்கத்தாவிலிருந்த அம்மையாருக்கு, அந்நாளில் பெரும் புதுமையாயிருந்த நிழற்படங்கள் சிலவற்றை அனுப்பிவைத்தார். படத்தைக் கடதாசியில் நிலைப்படுத்தும் ஹைப்போ உப்பின் பயனைக் கண்டறிந்தவர் இந்த ஹேர்ஷலே. 'நெகற்றிவ்', 'பொசிற்றிவ்' என நாம் இன்றும் வழங்கும் சொற்களை இக்கலைக்குத் தந்தவரும் அவரே.

அம்மையாரின் படங்களில் தெளிவு போதாது, கைத்திறன் போதாது என்று இலண்டன் நிழற்படக்காரர் பலர் குறை கூறினர். ஹேர்ஷல் அவற்றின் ஆற்றலை வியந்து எழுதினார். அவ்வளவில் நில்லாது, பொற்றாசியம் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சை அம்மையார் தம் கைகளில் வழியவிட்டுப் புழங்குவதை அறிந்து, பதறி எச்சரித்தும் எழுதினார். இவ்விரண்டையும் ஒருங்கே எழுதக்கூடியவரே நண்பர் என்பது எமது கருத்து. 1867இல் அம்மையார் பிடித்த ஹேர்ஷலின் முகத்தை, கறுத்த வெளியிலிருந்து நரைத்த தலையோடு எழுந்து வரும் அம்முதிய முகத்தை, ஒருமுறை கண்டவர் மறவார்.

1875இல் அம்மையார் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே மறைந்தார். இங்கு அவர் பிடித்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவற்றில் தோட்டங்களில் உழைத்த எமது தமிழ் மக்களும் நிற்கின்றனர். ஹேர்ஷலின் பெயர் படத்தோடு நிலைத்தது; கவிஞர் தெனிசனின் பெயரும் நிலைத்தது. எமது மக்களின் பெயர்கள் படத்தோடு வரவில்லை. அவருக்குப் பின் கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய வணிக நிலையத்தார் தோட்டக் காட்சிகளைப் படமாக்கி விற்றனர். அஞ்சலட்டைகளாகவும் அவை உலகமெங்கும் சென்றன. கூடை சுமந்த பெண்ணின் கீழே 'தமிழ்க் கொழுந்துக்காரி' என்ற அளவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மூக்குத்தி தெளிவாகத் தெரியும். சேலைக் கரை தெளிவாகத் தெரியும். அவள் இன்னாள் என்பது தெரியாது.

கொழும்பில் இக்கலைக்கு ஒரு தோழமைக் கூட்டத்தை அமைத்தவர் என்று சொல்லத்தக்கவர் லயனல் வெண்ட். 1900இற் பிறந்து 1944இல் மறைந்த இவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். இலங்கை நிழற்படச் சங்கம் 1930களில் ஊக்கம் பெற்றெழுந்தபோது அதன் முன்னணியில் நின்றார். தாம் அறிந்த நுட்பங்களை மறைத்துவைக்காது பத்திரிகைகளில் எழுதினார். இருட்டறை இரகசியங்களைத் தம் மகனுக்கன்றி எவர்க்கும் சொல்லாத ஸ்ரூடியோக்காரர் மலிந்திருந்த காலம் அது. ஓவியரான ஜோர்ஜ் கீற்றுக்கு அவர் அளித்த ஆதரவும், '43ஆம் ஆண்டுக் குழு' என்னும் ஓவியர் கூட்டம் அவரைச் சூழ்ந்து உருவானதும் நாடறிந்தவை. அவர் மறைந்த பின்னர், 1950இல், அவருடைய இலங்கைப் படங்கள் நண்பர்தம் முயற்சியால் இலண்டனில் நூலாக வெளிவந்தன. நெகற்றிவுகள் அழிந்துபோயின என்பர். கொழும்பில் 1953 முதல் அவர் பெயரால் விளங்கும் அரங்கிற்குள் நுழையும்போதெல்லாம், அழிந்த அந்நெகற்றிவுகளின் நினைவே எமக்கு முதலில் வரும். காரணம் பின்னர் விளங்கும்.

இனி எமது கதை. விடுதியில் இருந்தபோது எமது விஞ்ஞான ஆசிரியர் ஒரு கொடக் பிரவுனி பெட்டிக் கமரா வைத்திருந்தார். ஆய்வுகூடத்துச் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கின் கீழ், வெற்றுக் கடதாசியில் முகம் மெல்ல எழுவதை அவர் எமக்குக் காட்டிய மாலையே எம்மைப் பிணித்தது. கல்லூரியை விட்ட பின் ஒருவர் பலாங்கொடையில் ஆசிரியரானார். ஒருவர் காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையானார். ஒருவர் எட்டியாந்தோட்டையில் தந்தையின் கடையைப் பார்த்தார். ஒருவர் தெரணியகலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பெற்றார். இதனை எழுதும் நாம் எஹலியகொடைக்கு அணித்தான இறப்பர்த் தோட்டக் கந்தோரில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளே வாரவிடுமுறையாயிருந்த காலம் அது. 1966 முதல் 1971 வரை நாட்டில் அம்முறை நிலவியது. 1969இல் ஒரு போயா நாளில் இரத்தினபுரி நகரில் ஐவரும் கூடி, பழைய லூபிற்றெல் கமரா ஒன்றைக் கூட்டாக வாங்கினோம்.

அக்கமராவில் ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே பிடிக்கலாம். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் பிலிம் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு சுருளை மூவர் பங்கிட்டு நான்கு நான்கு படம் பிடித்த மாதங்களும் உண்டு. நான்கே படம் என்றால் எவரும் கண்டபடி விசையை அழுத்தார். இன்றைய இளைஞர் இதனை எமது வறுமை என்பர். ஓரளவிற்கு அது எமது கல்வியும் ஆயிற்று.

ஆனால் கூடிப் பேசுவதற்கு வழியில்லை. தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குப் பஸ் மாறிப் போவதற்கே ஒரு நாள் கழியும். ஆகவே தபாற்பொதி ஒன்றைச் சுற்றிவர விட்டோம். இங்கிலாந்தில் இத்தகைய தபாற் கழகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தோம். எமக்கு அது தேவை கற்பித்த உபாயம். அது நடந்த முறை இது: ஒவ்வொருவரும் தம் படமொன்றை அட்டையில் ஒட்டிப் பொதியில் வைப்பார். பொதியைப் பெறுபவர் மற்றவர் படங்களைப் பார்த்து, அட்டையின் பின்புறத்தில் தம் குறிப்பை எழுதி, தம் புதிய படத்தையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய இரண்டு மாதமாகும். சுற்றி வந்த படத்தைப் பிடித்தவர் தாமே வைத்துக்கொள்ளலாகாது. எவர் குறிப்பு தமக்கு மிகவும் பயன்பட்டதோ அவருக்கே அதனைக் கொடுத்துவிடல் வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சொன்னவர் காவத்தை நண்பர். குறிப்பெழுதுபவர் சோம்பாதிருக்க ஒரு பரிசு வேண்டும் என்பதே அவர் கருதியது.

'நன்று' என்ற ஒற்றைச் சொல்லை எழுதுவோர்க்குப் படம் கிடையாது. ஆதலால் அனைவரும் உண்மையாகவே பார்க்கத் தொடங்கினோம். பலாங்கொடை ஆசிரியர் முதலிரு சுற்றுக்களிற் சிவப்புப் பென்சிலால் எழுதினார்; மாணவர் கொப்பி திருத்துவது போலிருக்கிறதென்று நால்வரும் முறையிட்ட பின்னர் நீல மைக்கு மாறினார். குறிப்புக்களிற் பாதி தொழில் நுட்பமே. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அந்த ஈரத்தில் வில்லைக் கண்ணாடியிற் பூஞ்சணம் சிலந்திவலை போற் படரும். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து, மூடியிறுகிய பிஸ்கற் தகரத்தில் கமராவோடு வைத்தால் அரிசி ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் என்று எட்டியாந்தோட்டையிலிருந்து குறிப்பு வந்தது. பிலிம் கழுவும் மருந்துக்கு 20 பாகை வெப்பமே பொருத்தம். எமது கிணற்று நீரோ அதனினும் பல பாகை கூடியது. கூடிய வெப்பத்தில் மருந்து விரைந்து வேலை செய்யும். பிலிமின் மேற்படலம் இளகியும் போகும். நீரை இரவெல்லாம் மண்பானையில் ஆறவைத்து, நேரத்தையும் குறைக்கும் வழியைப் பலாங்கொடையார் அட்டவணையாகவே எழுதி அனுப்பினார்.

எல்லாம் இனிதாகவே நடந்ததென்று எழுதினால் அது பொய். எட்டியாந்தோட்டை நண்பர் ஒருமுறை சிவனொளிபாத மலையின் விடியற்காலைப் படத்தை வைத்தார். 'இதனினும் நல்ல மலை தீப்பெட்டியில் உண்டு' என்று நாம் எழுதினோம். எழுதும்போது அது நகைச்சுவையாகத் தோன்றியது. அடுத்த சுற்றில் அவர் படம் இல்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. பொதி வந்த கையோடு திறவாமலே அடுத்தவருக்குப் போயிற்று. எட்டு மாதம் சென்றபின், மற்றவர் கண்டனத்துக்கு அஞ்சி, நாமே பஸ் ஏறி அவர் கடைக்குச் சென்றோம். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய தாயார்தான், "வந்த பிள்ளை பசியோட இருக்குது, முதல்ல சாப்பிடட்டும், பெறகு சண்டை போடுங்க" என்று இலை போட்டார். உண்டபின் அவர் அந்த மலைப்படத்தின் நெகற்றிவை எடுத்து வந்தார். வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தபோது, மலையடியில் யாத்திரிகர் விளக்கு வரிசை மிக நுண்ணியதாய்ப் பதிந்திருக்கக் கண்டோம். அச்சிட்டபோது அது இருளில் மறைந்துவிட்டிருந்தது. அவர் பிடித்தது நல்ல படமே. அச்சில் இழந்ததைக் காட்டவேண்டிய நாம் ஏளனம் செய்திருந்தோம். அன்று முதல் குறிப்புக்கள் யாவும் 'அடுத்த முறை' என்று தொடங்கவேண்டும் என்று விதி செய்தோம். நடந்த படத்தைத் திருத்த எவராலும் ஆகாது. நடக்கவிருக்கும் படத்திற்கே நண்பன் உதவலாம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தெரணியகலை நண்பரின் குடும்பம் 1973இல் தலைமன்னார் வழியாக இந்தியா சென்றது. அக்காலத்திற் கடவுச்சீட்டுப் படத்திற்காக இரத்தினபுரி ஸ்ரூடியோக்களின் வாயிலிற் குடும்பம் குடும்பமாக வரிசை நிற்கும். வாழ்நாளில் முதன்முறையாகக் கமராவின் முன் நின்ற முதியோர் பலர், நாட்டை விட்டுப் போவதற்காகவே அவ்வாறு நின்றனர். எமது நண்பர் நீலகிரிக் கூடலூரில், தாயகம் திரும்பியோர்க்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றார். பொதியின் சுற்றுப்பாதை கடல் கடந்து நீண்டது. இரண்டு மாதச் சுற்று ஐந்து மாதமாயிற்று.

எமது படங்களில் ஒரு பெருங்குறை நெடுநாள் நீங்காதிருந்தது. இறப்பர் மரத்திற் பால் விடியற்காலைக் குளிரிலேயே நன்றாக வடியும். ஆதலாற் பால் வெட்டுவோர் இருள் பிரியும்போதே மரத்தடியில் நிற்பர். அந்நேரம் தோப்பின் உள்ளே இருட்டு. இலைகளின் இடைவெளியில் வானம் வெள்ளை. அந்த வெள்ளையைக் கணக்கிற்கொண்டு கமராவின் துவாரத்தைச் சிறிதாக்கினால், வானம் அழகாக வரும்; மாநிறத்து முகமோ கரிக்கட்டையாகும். எமது தோட்டத்தில் வெட்டும் ஓர் அம்மாவை அவ்வாறு பிடித்து, படத்தை அவரிடம் கொடுத்தோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாளி தெரியுது, கத்தி தெரியுது. ஏன் மொகம் எங்க தம்பி?" என்று கேட்டார். விடை சொல்ல முடியவில்லை. பிளாற்றே நிலையத்து அஞ்சலட்டையிலேனும் பெண்ணின் மூக்குத்தி தெரிந்தது.

அப்படத்தின் பிரதியைப் பொதியில் வைத்து, அம்மா கேட்டதையும் எழுதினோம். கூடலூரிலிருந்து குறிப்பு வந்தது: 'அடுத்த முறை வானத்தைப் பாராதே. அந்த அம்மா நிற்கும் இடத்தில் உன் உள்ளங்கையை நீட்டி, அதன் மேல் விழும் வெளிச்சத்தைப் பார். துவாரத்தை இரண்டு படி கூட்டு. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.' இது எளிய நுட்பம். கமராவோ ஒளிமானியோ எதிரிலுள்ள யாவும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையவை எனக் கொண்டே கணக்கிடும். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் ஏமாந்துபோகும். முகத்தில் விழும் ஒளியை அளந்தால் ஏமாற்றமில்லை. (வெளிநாடுகளில் வண்ணப்பட நிலையங்கள் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே நிற அளவுகோலாகக் கொண்டு இயங்கின என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, எம்மவர் முகம் படங்களிற் கறுத்துப்போனதற்குக் கருவியும் ஒரு காரணம் எனத் தெளிந்தோம்.) மாசி மாதத்தில் இறப்பர் இலை உதிர்ந்து தோப்பில் ஒளி பரவிய ஒரு காலை, அந்த அம்மாவை மீண்டும் பிடித்தோம். முகம் வந்தது. நெற்றியில் திருநீறும் வந்தது. அவருடைய பெயரைக் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதினோம். அதன்பின் ஆளைப் பிடித்தால் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதாமற் பொதியில் வைப்பதில்லை என ஐவரும் உடன்பட்டோம். அந்த அம்மா மறைந்தபோது மாலையிட்டு வைக்கப்பட்டது அப்படமே; வேறு படம் அவருக்கு இருந்ததில்லை.

1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் எமது மக்கள் தாக்கப்பட்டனர், லயன்கள் எரிந்தன. காவத்தை நண்பரின் வீடும் எரிந்தது. குடும்பத்தார் காட்டிற்குள் ஓடி உயிர் தப்பினர். தகரப் பெட்டியில் அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்திருந்த நெகற்றிவுகள் யாவும் உருகி ஒரே கட்டியாய்க் கிடந்தன. எம்மில் அவரே சிறந்த கலைஞர் என்பதில் ஐயமில்லை. பிரட்டுக் களத்தையும் பிள்ளைக் காம்பிராவையும் அவர் பிடித்ததுபோற் பிடித்தவர் எவரையும் நாம் கண்டதில்லை.

பல மாதம் அவர் எவருக்கும் எழுதவில்லை. ஆறுதல் கூறும் கடிதங்களை எழுதிக் கிழித்தோம். பின்னர் பலாங்கொடையாரே வழி கண்டார். பயனுள்ள குறிப்பெழுதியவருக்கே படம் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டினால், காவத்தை நண்பரின் படங்கள் எம் நால்வரிடமும் சிதறிக் கிடந்தன. கூடலூரில் பதினொன்று, பலாங்கொடையில் ஒன்பது, எட்டியாந்தோட்டையில் ஏழு, எம்மிடம் நான்கு, ஆக முப்பத்தொன்று. எம்மிடம் இத்துணைக் குறைவாயிருந்தது எமது குறிப்புக்களின் தரத்தைக் காட்டும். அம்முப்பத்தொன்றையும் ஒரே பொதியாக்கி, வேறெவர் படமும் வையாது, அவர் முறை வந்தபோது அனுப்பினோம். ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்று மாதங்களின் பின் பொதி திரும்பி வந்தது. முப்பத்தொன்றும் இருந்தன, 'உங்களிடமே இருக்கட்டும், அதுதான் பத்திரம்' என்ற துண்டும் இருந்தது. அடியில், இரவற் கமராவிற் பிடித்த ஒரு புதிய படம்: எரிந்த லயத்தின் முன் அவருடைய சிறிய மகள் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறாள். பின்புறத்திற் பெயர் எழுதியிருந்தார்.

1983 ஆடிக்குப் பின்னர் அவர் வவுனியாவுக்குக் குடிபெயர்ந்தார். பொதியும் நின்றது. இன்று எஞ்சியிருப்போர் மூவர்.

தோட்டங்களில் இன்று பிள்ளைகள் கையில் தொலைபேசியே கமராவாயிருக்கிறது. எஹலியகொடையிற் பிடித்த படம் ஒரு நொடியிற் கூடலூரைச் சேர்கிறது. ஆனால் விடையாக ஒரு கட்டைவிரலின் உருவமே பெரும்பாலும் வருகிறது. அது எமது பழைய 'நன்று' அன்றோ? எமது தோட்டத்து இளைஞர் சிலரிடம், மாதம் ஒரு படத்தையேனும் அச்சிட்டு, பின்புறம் எழுதிக் கைமாற்றுமாறு சொல்லியிருக்கிறோம். எமது பொதியில் ஒரு பெண்ணும் இருந்ததில்லை என்பதை நாணத்தோடு ஒப்புகிறோம். இவர்களுள் பாதிப்பேர் பெண்கள். பால் வெட்டும் தன் தாயை, தாய் வேலை முடித்து வாளியைக் கவிழ்த்துவைத்து வெற்றிலை போடும் நேரத்திற் பிடித்த ஒரு சிறுமியின் படத்தை அண்மையிற் கண்டோம். நாம் ஐம்பது ஆண்டில் அந்நேரத்தைப் படமாக்க எண்ணியதே இல்லை. வேலை செய்யும்போதே எம்மவரைப் பிடித்துப் பழகிவிட்டோம். எமது குறிப்பு: 'அடுத்த முறை ஓரடி முன்னே போ.' அவள் போயிருக்கிறாள். இரண்டாம் படம் மேலும் நன்று. இங்கே அச்சொல்லை எழுத எமக்கு அனுமதி உண்டென நினைக்கிறோம்.

காவத்தை நண்பரின் முப்பத்தொரு படங்களும், அவர் மகளின் படமும் விழாவன்று கல்லூரி மண்டபத்தில் வைக்கப்படும். முப்பதின் பின்புறத்திற் பெயர்கள் உண்டு. பெயரெழுதும் வழக்கம் ஏற்படுமுன் பிடித்த இரண்டில் இல்லை. ஒன்றில், காவத்தைக் கடைத்தெருவிற் சைக்கிள் சில்லொன்றைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்கும் இளைஞர். இடப்புருவத்தில் ஒரு தழும்பு. மற்றதில், கொழுந்து நிறுக்கும் தராசின் அருகே இரு பெண்கள்; மூத்தவர் கையிற் பித்தளைக் காப்பு, இளையவர் எதற்கோ திரும்பிப் பார்க்கிறார். இவை 1970 அல்லது 1971இற் பிடித்தவை. இவர்களை அறிந்தோர் மண்டபத்திற்கு வந்தால், படத்தின் அருகே ஒரு பென்சில் வைத்திருப்போம்.